கற்றவரும் கற்க வேண்டும்

பட்டம் பெற்றதோடு கால்நடை மருத்துவரின் கல்வி முடிந்துவிடுவதில்லை. இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

1998 செப்டம்பர் முதல், பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர் சிலர் கடுங்காய்ச்சல் கண்டு நினைவிழந்தனர். கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசுமருந்துப் புகை அடித்தனர்; தடுப்பூசியும் போட்டனர். நோய் தணியவில்லை. நோய் கண்ட பன்றிகள் விற்கப்பட்டதால் அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

பழைய பாடத்தோடு பொருந்தாத குறிகள் மூன்று இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரையே தாக்கும். இங்கோ பன்றிகளோடு பழகிய பெரியவர்கள் வீழ்ந்தனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளும் மூச்சுத் திணறி உரத்து இருமின.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி, அதுவரை எவரும் அறியாதது எனத் தெரிந்தது. அதுவே நிப்பா. அந்நோயால் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 10 லட்சம் பன்றிகள் வரை அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவாலே அக்கிருமியின் உறைவிடம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

பழைய பெயர் பொருந்தாதபோது ஐயுற்று ஆராயும் திறனையே மருத்துவரின் தொடர்கல்வி வளர்க்கிறது. அதில் நமக்கும் பங்குண்டு. ஆடாயினும் மாடாயினும், நோய் தொடங்கிய நாள், கண்ட குறிகள், புதிதாக வாங்கிய கால்நடை, வீட்டில் காய்ச்சலுற்றோர் ஆகிய விவரங்களை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவோம். நோயுற்ற கால்நடையை விற்பது நோயையே விற்பதாகும்.