உங்கள் சிந்தசைசருக்கு ஒரு எல்.எஃப்.ஓ.

கோவில்பட்டியில் வாழ்ந்த நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் (மறைவு 1964) இசைத்தட்டைக் கேளுங்கள். சுரம் ஒரே இடத்தில் நிற்காமல் அசையும். 555 ஐ.சி.யில் நாம் செய்த சிந்தசைசரோ ‘பீ’ என்று ஒரே சுரத்தில் நிற்கிறது. அதை அசைப்பதுதான் எல்.எஃப்.ஓ., அதாவது லோ ஃப்ரீக்வென்சி ஆஸிலேட்டர். பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் அதன் அலை காதுக்குக் கேட்காது.

1. அதே 9 வோல்ட் பேட்டரியில் இன்னொரு 555 ஐ.சி.யை இணையுங்கள். பின் 8, 4 பிளஸுக்கு. பின் 1 மைனஸுக்கு.

2. பின் 8-7 நடுவே 1 கிலோ ஓம், 7-6 நடுவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். பின் 6, 2 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர்.

வேகம் = 1.44 ÷ ((1,000 + 2 × 1,00,000) × 0.00001) = சுமார் 0.7 ஹெர்ட்ஸ்.

3. பின் 3-லிருந்து 10 கிலோ ஓம் வழியாகப் பழைய ஐ.சி.யின் பின் 5-க்கு இணைப்புக் கொடுங்கள். சுரம் ‘பீ-போ’ என்று தாவும்.

4. அந்தப் பின் 5-லிருந்து மைனஸுக்கு 100 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வைத்தால், சுரம் தாவாமல் வழுக்கிச் செல்லும். கமகத்தின் சாயல் இதுதான்!

எச்சரிக்கை: இதைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகாதீர்கள். 9 வோல்ட் சர்க்யூட்டின் சிக்னல் சவுண்ட் கார்டைப் பழுதாக்கலாம். ஒலி வரும் பின் 3-லிருந்து 100 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 1 கிலோ ஓம் இணையுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். அங்கிருந்து லைன்-இன்னுக்குக் கொடுத்து, ஆடாசிட்டியில் ரெக்கார்ட் செய்யுங்கள். ஜூம் செய்தால் அலைகள் நெருங்கி விலகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.