மழைக்கு முன்னாடியே விறகு பாய்லரைக் கவனிங்க

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மரக்காணத்தில் உப்பளப் பாத்திகள் ஓய்ந்துவிடும். வீட்டுப் பின்பக்கம் இருக்கும் பாய்லருக்கோ அப்போதுதான் வேலை கூடும். நம்ம ஊர்க் குளிருக்கு அறையைச் சூடாக்க வேண்டியதில்லை. குளிக்க வெந்நீர் கிடைத்தால் போதும். நடுவில் புகைக்குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் நெருப்பு. அவ்வளவுதான் பாய்லர். "விறகை அப்படியே தின்னுது, ஒரே புகை" என்று அலுத்துக்கொள்கிறீர்களா? தப்பு பெரும்பாலும் பாய்லரில் இல்லை, விறகில்தான்.

புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதிவரைகூட தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ பச்சை விறகில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 300 கிலோ கலோரி போய்விடும். கணக்குப்படி, 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றும் வெப்பம் அது! நெருப்பும் தணிந்து, எரியாத வாயு புகையாக வெளியேறும். அதனால் வேலிகாத்தான் விறகைக் கோடையிலேயே பிளந்து, தரையில் படாமல் கட்டை வைத்து அடுக்குங்க. மேலே மட்டும் தார்ப்பாய் போதும், பக்கவாட்டில் காற்று ஓடணும். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்'கென்று கேட்டால் காய்ந்துவிட்டது. மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது.

நம்ம கடற்கரையில் இன்னொரு பழக்கமும் உண்டு. உப்பளத்துப் பழைய பலகை, கரை ஒதுங்கிய கட்டை, உடைந்த படகு மரம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடுகிறோம். சும்மா கிடைப்பதுதான், ஆனால் உப்பேறிய மரம் எரியும்போது வரும் குளோரின் கலந்த வாயு உலோகத்தை அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதல். படகில் பூசிய பெயின்ட் புகை அதைவிட மோசம்.

பற்ற வைக்கும் முன் பாய்லரில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்க. வெறும் பாய்லரில் நெருப்பு வைத்தால் பற்றவைத்த இணைப்புகள் விட்டுவிடும். தண்ணீர் வெளிவரும் மூக்கை எப்போதும் அடைக்காதீங்க, உள்ளே ஆவி அழுத்தம் ஏறும். கம்பித் தட்டின் கீழே சாம்பல் சேர்ந்தால் காற்று ஏறாது, தினமும் அள்ளிவிடணும். வாய் நிறைய விறகைத் திணிப்பதைவிட, மெல்லிய துண்டுகளாக இரண்டு மூன்று வைத்து, எரிய எரியத் தள்ளினால் சுவாலை நன்றாக நிற்கும். புகைக்குழாயில் கரி படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. வாரம் ஒருமுறை, ஆறிய பிறகு, நீளக் கம்பியில் துணி சுற்றித் தேய்த்துவிடுங்க. உவர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உள்ளேயும் வெள்ளைப் படிவு கட்டும். அதற்கு வினிகர் கலந்த தண்ணீரை ஊறவிட்டு அலசணும்.

மழைக்குப் பயந்து பாய்லரைக் குளியலறைக்குள்ளோ, மூடிய தாழ்வாரத்திலோ வைக்கவே கூடாது. மிஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதும் அதே அளவு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். நெருப்பு இருக்கும் இடத்தில் யாருக்காவது தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்க.