தண்ணி பட்டாலும் ஓடாத மை

ஹால் டிக்கெட்டில் ஒரு சொட்டு மழைத்தண்ணி விழுந்தா எழுத்து கலங்கிடுது. ஏன்?

இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் சாயம் கரைந்திருக்கும். நாசிலுக்குள் இருக்கும்வரை அது கரைந்தே இருக்கணும், தாளில் விழுந்ததும் கரையவே கூடாது. சிக்கலே இதுதான்.

முதல் வழி பி.எச். சாய மூலக்கூறில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகளைச் சேர்ப்பாங்க. காரத்தன்மையுள்ள மையில் அது கரையும்; அமிலத்தன்மையுள்ள தாளைத் தொட்டதும் கரையாமல் படிந்துவிடும். ஆனா இப்போ பல ஏ4 தாள்களில் கால்சியம் கார்பனேட் இருப்பதால் தாளே காரம். அங்கே இது சரியா எடுபடாது.

இரண்டாவது வழி பிக்மென்ட். கரையாத நிறத் துகள்களைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுக்கு அரைத்துத் தண்ணீரில் மிதக்க விடுவாங்க. வெயிலில் இது மங்குவதும் குறைவு. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒளிக்கும் ஓசோனுக்கும் தனியா மாட்டிக்கும். துகளில் அடி வாங்குவது மேல்பரப்பு மட்டும். உள்ளே இருப்பது தப்பிச்சுடும்.

ஆனா துகள்கள் ஒட்டிக்கொண்டால் நாசில் அடைக்கும். அதனால பாலிமர் பூச்சு கொடுத்துப் பிரித்து வைப்பாங்க. தாளில் பிடித்து நிற்க ரெசினும் சேர்ப்பாங்க. ரெசின் கூடினா, அதுவே நாசிலில் காய்ந்துவிடும். ஃபார்முலேஷன் வேலை முழுக்க இந்த இழுபறிதான்.

பல இங்க்-டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலர் மூணும் சாயம். முக்கியமான தாளைப் பிரிண்ட் எடுக்கும்போது பெயரும் எண்ணும் கறுப்பிலேயே இருக்கட்டும்.