வாடகைக் காரும் சக்கர நாற்காலியும்

பேருந்தும் தொடர்வண்டியும் நிலையத்தோடு நின்றுவிடுவன. வீட்டு வாசலில் ஏற்றிச் சென்று, போக வேண்டிய வாசலிலேயே இறக்கிவிடுவது வாடகைக் கார். ஆதலின் நடக்க இயலாதவர்க்கும் பார்வையற்றவர்க்கும் அது ஆடம்பரமன்று. வேலைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழியே அதுதான். இத்துறையில் நெடுநாள் பட்டறிவுடைய நகரம் இலண்டன். வண்டியை மாற்றினால் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு அதன் வரலாறு விடை தருகிறது.

இலண்டனில் 1989 முதல், புதிதாக உரிமம் பெறும் டாக்சிகள் சக்கர நாற்காலியை ஏற்றக்கூடியனவாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் எல்லாக் கறுப்பு டாக்சிகளுக்கும் அது பொருந்தியது. கதவருகே சாய்பலகையை விரித்து, அமர்ந்திருப்பவரை எழுப்பாமலேயே நாற்காலியோடு உள்ளே தள்ளிவிடலாம். பழைய வண்டிகளில் அவர் ஓட்டுநருக்கு முதுகைக் காட்டியே அமர வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் நடுத்தடுப்பு முதுகைத் தாங்கும் என்பது காரணம். 2018இல் ஓடத் தொடங்கிய மின்சார டாக்சியில் முன்நோக்கி அமர வழி செய்தனர். போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு போவது சிறிய செய்தியன்று என்பது என் கருத்து.

வண்டி வந்துவிட்டது, ஓட்டுநர் நிற்க வேண்டுமே! வழிகாட்டி நாயுடன் வருவோரை டாக்சி ஓட்டுநர் மறுக்கக்கூடாது என்பது 2001இலேயே நடைமுறைக்கு வந்தது. ஆனால் சக்கர நாற்காலியில் வருவோரை ஏற்றும் கடமை, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டும் உறங்கியே கிடந்தது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் மீண்டும் எழுதப்பட்டு, 2017 ஏப்ரல் 6ஆம் நாள்தான் உயிர்பெற்றது. 1995இல் பிறந்த குழந்தை அதற்குள் பட்டமே பெற்றிருக்கும்! ஏற்ற மறுத்தாலோ, உதவ மறுத்தாலோ, கூடுதல் கட்டணம் கேட்டாலோ 1000 பவுன் வரை தண்டம். அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளாட்சி மன்றம் தன் பட்டியலில் சேர்த்த வண்டிகளுக்கே இக்கடமை. பட்டியல் தயாரிப்பதோ மன்றத்தின் விருப்பம். 2022ஆம் ஆண்டுச் சட்டம்தான் பட்டியலைக் கட்டாயமாக்கியது. சக்கர நாற்காலியில் வராத மாற்றுத்திறனாளிகளையும் தன் பாதுகாப்பிற்குள் கொண்டுவந்தது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்து வசதி பற்றிப் பேசுகிறது. ஆயினும் இங்கு வாடகைக்கு ஓடுபவை பெரும்பாலும் சாதாரணக் கார்களே. நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தாக வேண்டும். இயற்கை எரிவாயு உருளை பொருத்திய கார்கள் பலவற்றில் அந்த இடத்தை உருளையே அடைத்துக்கொள்கிறது. டிக்கி காலியாக உள்ள வண்டியா என்பதை முன்பதிவின்போதே கேட்டு அனுப்பினால், வாசலில் நின்று தவிக்கும் நிலை நீங்கும்.

சாய்பலகை வைத்த வண்டிகள் வரும்வரை, ஓட்டுநர் பயிற்சிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தொடுவதற்கு முன் “எப்படி உதவட்டும்?” என்று கேட்க வேண்டும். இருக்கைக்கு மாறுமுன் நாற்காலியின் இரு பிரேக்குகளையும் போட்டு, கால்பலகைகளை மடக்கிவிட வேண்டும். நாற்காலியைத் தூக்கும்போது கழன்று வரக்கூடிய கைப்பிடியைப் பற்றாமல் சட்டத்தைப் பற்ற வேண்டும். பார்வையற்றவராயின் வண்டி எண்ணை வாய்விட்டுச் சொல்லி, அவர் கையைப் பிடித்து இழுக்காமல் தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளக் கொடுக்க வேண்டும்.