கை எட்டும் வேகம்: கித்தார் பயிற்சியிலும் ஒலிப்பதிவிலும் நேர்மை

கித்தார் கற்கும் தமிழ் இளையோரிடம் 'முதலில் எந்தப் பாடலை வாசிக்க ஆசை?' என்று கேட்டால், பெரும்பாலோர் இரண்டு பாடல்களில் ஒன்றைச் சொல்வர். ஒன்று, 1980-இல் வெளிவந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே'. மற்றொன்று, 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. இரண்டும் இசைஞானி இளையராஜாவின் படைப்புகள். அவரே கித்தார் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால்தானோ என்னவோ, இப்பாடல்களில் கித்தார் வெறும் பக்க இசையாக நின்றுவிடுவதில்லை.

'இளைய நிலா'வின் தொடக்கக் கித்தார் இசையைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். மாசாயில் எங்கள் வீட்டு அறையில் பல வாரங்கள் பயிற்சி செய்தும், மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 72 தட்டுகளுக்கு மேல் என் விரல்கள் ஓடவில்லை. தீபாவளி விருந்துக்கு உறவினர்கள் வரவிருந்தனர். எனவே 72-இல் பதிவு செய்து, கணினியில் அதனை 96-க்கு முடுக்கிவிட்டேன். அன்று எல்லாரும் கேட்டுப் பாராட்டினர். வயதான மாமா ஒருவர் மட்டும் கித்தாரை எடுத்து என் மடியில் வைத்து, "தம்பி, அந்த ஆரம்பத்த மட்டும் இங்க ஒரு தடவ வாசிச்சுக் காட்டுப்பா" என்றார். கம்பி அறுந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். ஆறு கம்பிகளும் அவர் கண்முன்னே இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று கற்ற பாடமே இக்கட்டுரை.

தந்திரம் வேறு, பொய் வேறு

வேகத்தை மாற்றிப் பதிவு செய்வது புதிதன்று. அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால் 1948-இல் வெளியிட்ட 'லவர்' என்னும் இசைத்தட்டில், பல கித்தார் பகுதிகளை ஒருவரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். அவற்றுள் சில, பாதி வேகத்தில் பதிந்து இரட்டிப்பாக்கப்பட்டவை. 1965-இல் பீட்டில்ஸ் குழுவின் 'இன் மை லைஃப்' பாடலுக்கு, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பியானோ பகுதியைப் பாதி வேகத்தில் ஓர் எண்ம சுரம் தாழ்த்தி வாசித்தார். நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டியபோது சுருதியும் மேலேறியது. நாதம் ஹார்ப்சிகார்டு போல மாறிப்போனது. கனடியப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட், 1964-இல் மேடையை விட்ட பின், பதிவுகளை வெட்டி ஒட்டுவதை வெளிப்படையாகவே ஆதரித்தார்.

இவர்கள் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. ஒலிப்பதிவையே ஒரு கலைப்படைப்பாகக் கருதியவர்கள் இவர்கள். நான் செய்த தவறு வேகத்தைக் கூட்டியதில் இல்லை. 'இது என் விரல்களின் வேகம்' என்று பிறரை நம்பவிட்டதில்தான். ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பதிவைக் கேட்பவர் என்னைப்பற்றி எதை நம்புகிறார், அது உண்மையா?

எல்லையைக் கண்டறிதல்

கடினமான பகுதியைக் கற்குமுன் நம் எல்லை எதுவென்று தெரிய வேண்டும். ஒரு தட்டுக்கு நான்கு சுரங்கள் வீதம் வாசித்தால், 60-இல் விநாடிக்கு 4 சுரங்கள், 90-இல் 6, 120-இல் 8. என் 72 என்பது விநாடிக்கு 4.8 சுரங்கள். நான் நடித்த 96 என்பது 6.4. எண்ணாகப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு என்பது மயக்கமின்றி விளங்கும்.

நம் கர்நாடக இசையில் சரளி வரிசையை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று பாடச் சொல்வார்கள். முதற்காலம் சுத்தமாக வராதவரை அடுத்த காலத்துக்கு ஆசிரியர் விடமாட்டார். கித்தாருக்கும் இதே முறை பொருந்தும்:

1. பகுதி முழுவதையும் வாசிக்காதீர்கள். தடுமாறும் இடத்தை மட்டும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு சுரம் சேர்த்துத் தனியே எடுங்கள். பெரும்பாலும் சிக்கல் ஒரு விரல் மாற்றத்தில்தான் இருக்கும்.
2. இடக்கையா, வலக்கையா என்று பிரித்துப் பாருங்கள். இடக்கையை எடுத்துவிட்டு, திறந்த கம்பிகளில் வலக்கை வரிசையை மட்டும் வாசித்தால் உண்மை தெரிந்துவிடும்.
3. தொடர்ந்து ஐந்து முறை பிழையின்றி வந்தால் மட்டும் 4 தட்டுகள் கூட்டுங்கள். பிழை வந்தால் 8 தட்டுகள் குறையுங்கள்.
4. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் நிறுத்துங்கள். வலியைத் தாண்டிப் பயிற்சி செய்வது வீரமன்று.

குறைத்து வாசித்தல் குற்றமன்று

நிகழ்ச்சி நெருங்கிவிட்டது, வேகம் வரவில்லை. என்ன செய்யலாம்? பாடல் முழுவதையும் மெதுவாக வாசிக்கலாம். பாடுபவரும் இசைந்தால் அதுவே ஒரு புதிய அழகு. இல்லையேல் சுரங்களைக் குறைக்கலாம். ஒவ்வொரு கோர்டிலும் அடிக்கம்பிச் சுரத்தையும் மேலே கேட்கும் மெட்டுச் சுரத்தையும் காத்துக்கொண்டு, நடுச்சுரங்களில் பாதியை விட்டுவிட்டாலும் பாடல் அடையாளம் இழப்பதில்லை. இடக்கை நீட்டல் எட்டவில்லையெனில் கேப்போ மாட்டி, பிரெட்டுகள் நெருங்கியிருக்கும் மேற்பகுதியில் வாசிக்கலாம். எட்டு சுரங்களை அரைகுறையாக வாசிப்பதைவிட, நான்கு சுரங்களைத் தெளிவாக வாசிப்பது மேல்.

வீட்டில் ஒலிப்பதிவு

ஸ்டூடியோ தேவையில்லை; கைப்பேசி போதும். மாசாய் போன்ற குடியிருப்புப் பகுதியில் நமக்குப் பகைவர்கள் மூவர்: மின்விசிறி, மோட்டார் சைக்கிள், கூரைமேல் விழும் மழை. விசிறியை நிறுத்துங்கள், இரவு ஓய்ந்த பின் பதியுங்கள். கைப்பேசியைக் கித்தாரின் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் நாதம் இரையும். பன்னிரண்டாம் பிரெட்டை நோக்கி, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மெட்ரோனோமைச் செவிப்பொறியில் மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் முன் சுருதி சேருங்கள்.

முதலில் வெட்டாத முழுப் பதிவு ஒன்றை எடுத்து, நாளும் வேகமும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மருத்துவ அறிக்கை. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பின்னர்ப் பல பதிவுகளிலிருந்து நல்ல பகுதிகளை இணைக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். பகிரும்போது 'மூன்று பதிவுகளை இணைத்தது' என்றோ, 'வேகம் கூட்டியது' என்றோ ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியில் யாருடைய மதிப்பும் குறைந்துவிடுவதில்லை. மாறாக, உங்களைப் பார்த்துக் கற்கும் தம்பி தங்கைகள் 'நமக்கு மட்டும் ஏன் வரவில்லை' என்று கித்தாரை மூலையில் வைத்துவிடாமல் அது காக்கும்.

நிறைவாக

மறு தீபாவளிக்குள் என் வேகம் 80-ஐத் தொட்டிருந்தது, 96 அன்று. அதே மாமாவின் முன் அமர்ந்து, "இவ்வளவுதான் மாமா வருது" என்று சொல்லி, 80-இல் வாசித்தேன். ஓரிடத்தில் தடுக்கியது; நிறுத்தாமல் தொடர்ந்தேன். முடித்ததும் அவர், "போன வருசம் கம்பி அறுந்து போச்சுன்ன இல்ல, நல்லா மாட்டியிருக்க" என்றார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கு இது கித்தாருக்கு மட்டுமான பாடமன்று. ஆய்வேட்டிலும் மேடைப் பேச்சிலும் பிறர் வேகத்தை நம் வேகமாகக் காட்டும் வாய்ப்புகள் நிறைய உண்டு. பதறாத காரியம் சிதறாது என்பர் நம் பெரியோர். இன்று 72 என்றால் 72 என்றே எழுதி வையுங்கள். அந்த எண்ணிலிருந்துதான் 76-க்கு வழி தொடங்குகிறது.