கிரிப்டோ நாணயக் காப்புப் பேழை

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. மண்ணிற் புதைத்தும், இரும்புப் பெட்டியிற் பூட்டியும், பாங்கியில் ஒப்புவித்தும் மக்கள் தம் செல்வத்தைக் காத்து வந்துள்ளனர். கண்ணாற் காணவும் கையால் தொடவும் இயலாத நாணயமொன்று இந்நூற்றாண்டில் தோன்றியுள்ளது. அதனைக் காப்பது எங்ஙனம் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அந்நாணயத்தை வாங்குதல் நன்றோ தீதோ என்பது வேறு வினா. அதனுள் நாம் நுழையவில்லை. வாங்கியவர் அதனை இழவாதிருத்தற்குரிய வழியே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிட்காயின் என்னும் நாணயத்தின் திட்டம் வெளியாயிற்று. 2009 ஜனவரி 3ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இந்நாணயத்தை அச்சிட அரசாங்கமும் இல்லை. கணக்கு வைக்கப் பாங்கியும் இல்லை. உலகெங்கும் பரந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளைத் தம்மிடத்தே வைத்துள்ளன. எந்த முகவரிக்கு எத்துணை நாணயம் உரியது என்பதை அப்பேரேட்டைப் பார்த்து எவரும் அறியலாம். ஆயினும், ஒரு முகவரிக்குரிய நாணயத்தை மற்றொருவருக்கு மாற்ற வேண்டுமாயின், அம்முகவரிக்குரிய இரகசியத் திறவுகோலால் கையொப்பமிடுதல் வேண்டும். அத்திறவுகோல் யாதெனின், 78 இலக்கம் வரை நீளக்கூடிய ஒரு பேரெண்ணே ஆகும். அதனை அறிந்தவரே உடையவர். திருடன் அறிந்தாலும் அவன் இடும் கையொப்பம் செல்லும். உடையவரே மறந்தாராயின் அவராலும் ஒன்றும் செய்தற்கு இயலாது.

இவ்விரு கேட்டிற்கும் சான்றுகள் உண்டு. ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் நாணயச் சந்தையில், பல்லாயிரவர் தம் நாணயங்களை ஒப்புவித்திருந்தனர். திறவுகோல்கள் அச்சந்தையாரிடமே இருந்தன. 2014 பிப்ரவரியில் அது வீழ்ந்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்றனர். அவற்றுள் சுமார் 2,00,000 பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. இது பிறரை நம்பியதால் நேர்ந்த கேடு. வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரத்தார் ஒருவர், சுமார் 8,000 பிட்காயின்களுக்குரிய திறவுகோலைத் தம் கணினித் தட்டில் வைத்திருந்தார். 2013ஆம் ஆண்டில் அத்தட்டு குப்பையோடு குப்பையாய் நகராட்சிக் குப்பைமேட்டிற்குச் சென்றுவிட்டது. மேட்டைத் தோண்ட இசைவு வேண்டி அவர் தொடுத்த வழக்கும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று. இது தம்மையே நம்பியும் தக்க ஏற்பாடு செய்யாமையால் நேர்ந்த கேடு.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி காண முயன்றதன் பயனே காப்புப் பேழை. செக் நாட்டுப் பிராக் நகரத்துச் சத்தோஷி லாப்ஸ் என்னும் நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டில் ட்ரெசர் என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். செக் மொழியில் அச்சொல் பெட்டகம் எனப் பொருள்படும். அதனை ஆக்கியோருள் ஒருவராகிய மாரெக் பலட்டினஸ் என்பார், 2012ஆம் ஆண்டில் வாடகைக் கணினியொன்றில் வைத்திருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிட்காயின்களைத் திருட்டில் இழந்தவர். பட்ட துன்பமே அவருக்கு ஆசானாயிற்று போலும்.

பெட்டகம் எனினும், நாணயம் அதனுள் இல்லை. நாணயம் பேரேட்டில் உள்ளது. திறவுகோலே கருவிக்குள் உள்ளது. பணம் அனுப்ப வேண்டிய காலத்து, கணினி அதற்குரிய விவரத்தைக் கருவிக்குள் அனுப்பும். கருவி தன்னுள்ளேயே கையொப்பமிட்டு, அக்கையொப்பத்தை மட்டும் வெளியே தரும். முத்திரை மோதிரம் விரலினின்று கழலாமலே ஓலையில் முத்திரை பதிவதனை இதற்கு உவமை கூறலாம். ஆதலின் கணினியில் தீய நிரல்கள் புகுந்திருப்பினும், திறவுகோலை அவை கவர மாட்டா.

இனி, அதனை அமைக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, வாங்குமிடம். கருவியைச் செய்தவரிடமோ அவரால் ஒப்புக்கொள்ளப்பட்ட விற்பனையாளரிடமோ வாங்குதல் வேண்டும். ஒருவர் கைப்பட்ட பழங்கருவி எத்துணை மலிவாயினும் வேண்டா. பெட்டியினுள் முன்னரே சொற்கள் எழுதிய சீட்டு ஒன்று இருக்குமாயின் அது வஞ்சகம் என்று தெளிக. அச்சொற்களை வைத்தவன், நீர் பணம் சேர்க்கும் நாளை எதிர்நோக்கியிருப்பான்.

இரண்டாவது, நிரல். கருவியோடு கணினியிற் பயன்படுத்தும் நிரலை, செய்தவரின் தளத்தினின்றே பெறுக. தளத்தின் பெயரை நாமே எழுத்தெழுத்தாய் இடுதல் நன்று. தேடுபொறி காட்டும் விளம்பரங்களில் போலித் தளங்கள் கலந்திருத்தல் உண்டு.

மூன்றாவது, சொற்கள். இதுவே அனைத்தினும் தலையாயது. புதிய திறவுகோலை ஆக்குமாறு கருவியைப் பணித்தவுடன், அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டும். பிந்திய உருவங்கள் சில 20 சொற்கள் கொண்ட வேறொரு முறையையும் ஆளுகின்றன. 24 சொல் முறை 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியலினின்று அச்சொற்கள் எடுக்கப்படுகின்றன. பட்டியலின் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கெழுத்து ஒன்றாயிராதபடி அதனை அமைத்துள்ளனர். மனிதர் பிழையின்றி எழுதுவதற்கு ஏலாத அப்பேரெண்ணே இங்ஙனம் சொல்லுருவம் பெறுகின்றது. எனவே அச்சொற்கள் திறவுகோலின் குறிப்பு அல்ல, திறவுகோலே அவை. கருவி உடைந்தாலும், நீரில் விழுந்தாலும், களவு போனாலும், வேறொரு கருவியில் அச்சொற்களை அவ்வரிசையில் இட்டவுடன் செல்வம் முழுவதும் மீளும்.

ஆகையால் அவற்றைத் தாளில் மையால் தெளிவாக எழுதுக. கைப்பேசியாற் படம் பிடித்தலும், கணினியில் எழுதி வைத்தலும், மின்னஞ்சலில் அனுப்புதலும் ஆகா. அங்ஙனம் செய்தவர், திறவுகோலை இணையத்தினின்று பிரித்து வைக்கவே வாங்கிய கருவியின் பயனைத் தாமே அழித்தவராவர். தாள் நெருப்பில் எரியும், வெள்ளத்தில் கரையும். ஆதலின் இரண்டு படிகள் எழுதி இரண்டிடங்களில் வைத்தல் நன்று. உருக்குத் தகட்டில் எழுத்துக்களைப் பொறித்து வைப்பாரும் உளர். நம் முன்னோர் நிலைபெற வேண்டியவற்றை ஓலையில் விடாது செப்பேட்டிற் பொறித்ததும் இக்கருத்துப் பற்றியன்றோ!

நான்காவது, மறையெண். கருவி பிறர் கையிற் சிக்கினால் உடனே திறவாதிருத்தற்கு ஓர் எண்ணை இடுதல் வேண்டும். ட்ரெசரில் தவறாக இடுந்தோறும் காத்திருக்கும் நேரம் இரட்டித்துக்கொண்டே செல்லும்; பன்முறை தவறினால் கருவி தன்னுள்ளிருப்பதை அழித்துவிடும். பாரிஸ் நகரத்து லெட்ஜர் நிறுவனத்தாரின் கருவியோ மூன்று முறைக்கு மேற் பொறுக்காது. பிறந்த நாளையும் ஒன்று இரண்டு மூன்று என்னும் வரிசையையும் மறையெண்ணாகக் கொள்ளுதல் வேண்டா.

ஐந்தாவது, ஒத்திகை. இதனைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நாமும் இதனை வீண் வேலை என்றே முதலில் எண்ணினோம். எழுதிய சொற்களைச் சரிபார்க்கும் வசதி கருவியிலேயே உள்ளது. அதனைக் கொண்டு சோதித்தபோது, நாம் எழுதிய வரிசையைக் கருவி ஏற்கவில்லை. மீண்டும் மீண்டும் நோக்கியும் பிழை புலப்படவில்லை. இறுதியில், பதினேழாஞ் சொல்லும் பதினெட்டாஞ் சொல்லும் இடம் மாறி எழுதப்பட்டிருத்தலைக் கண்டோம். அன்று அக்கருவியில் ஒரு காசும் இல்லை. ஆதலின் நகைத்து அமைந்தோம். சேமிப்பு முழுவதையும் வைத்த பின்னர்க் கருவி பழுதுற்று, அத்தாளொன்றே துணையாய் நின்றிருக்குமாயின் நம் நிலை என்னவாயிருக்கும்! ஆகவே ஒத்திகை பார்த்து, பின் சிறு தொகையொன்றை அனுப்பி, அதனைத் திரும்ப எடுத்தும் பார்த்த பிறகே பெருந்தொகையை வைத்தல் வேண்டும்.

அமைத்த பின்னரும் விழிப்பு வேண்டும். நாம் படியெடுத்த முகவரியை, ஒட்டும் வேளையில் திருடனது முகவரியாக மாற்றிவிடும் தீய நிரல்கள் உள்ளன. எனவே கணினித் திரையை நம்பாது, கருவியின் சிறு திரையில் தோன்றும் முகவரியையும் தொகையையும் முழுவதும் படித்த பின்னரே இசைவுப் பொத்தானை அழுத்துக. பேரேட்டில் ஏறிய கணக்கை அழித்தெழுத எவராலும் இயலாது.

2020ஆம் ஆண்டில் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் களவாடப்பட்டன. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வெளியாயின. திறவுகோல் ஒன்றேனும் அதனால் வெளிப்படவில்லை. ஆயினும், “உங்கள் கருவிக்கு ஆபத்து, உடனே சொற்களை இடுக” என்னும் பொய்க் கடிதங்கள் பலருக்கு வந்தன. போலிக் கருவிகளே சிலரின் வீட்டிற்கு அஞ்சலில் வந்தன. பூட்டை உடைக்க இயலாத திருடன், வீட்டுக்காரனையே அழைத்துத் திறக்கச் செய்யும் சூழ்ச்சி இது. கருவியைச் செய்தவரும், அரசாங்க அலுவலரும், உதவி செய்ய வருவோரும் எவராயினும், சொற்களைக் கேட்பவர் திருடரே. இதற்கு விலக்கே இல்லை.

கருவியும் குற்றமற்றதன்று. 2020 ஜனவரியில், கிராக்கன் என்னும் நாணயச் சந்தையின் ஆய்வாளர்கள், அந்நாளைய ட்ரெசர்களைக் கையிற்கொண்டு 15 நிமிடத்தளவில் உள்ளிருக்கும் திறவுகோலை எடுக்கலாமெனக் காட்டினர். இதற்கு மாற்றாக, தாளிலும் கருவியிலும் இல்லாத இரகசியத் தொடரொன்றைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் அத்தொடரை மறந்தால் மீட்பில்லை. ஓரெழுத்துப் பிழைத்தாலும், வெறுமையான வேறொரு கணக்கே திறக்கும். மறவாது பேணும் ஏற்பாடு உடையோர்க்கே அது தகும்.

இறுதியாக ஒன்று. உடையவர் திடீரென மறைந்தால், குடும்பத்தார் நிலை யாது? பாங்கியில் வாரிசு விண்ணப்பம் கொடுக்கலாம். இப்பேரேட்டிலோ விண்ணப்பம் கேட்பார் இல்லை. சொற்களை வெளியிடாது, அவை உள்ள இடத்தையும் பயன்படுத்தும் முறையையும் நம்பத்தக்க ஒருவர் உரிய காலத்தில் அறியுமாறு எழுதி வைத்தல் கடமையாகும்.

பாங்கியில் நாம் தவறினால் திருத்த ஓர் அதிகாரி உண்டு. வழக்காட மன்றம் உண்டு. இந்நாணயத்தைத் தம் கையிலேயே வைத்திருப்பவர், காவலரும் அதிகாரியும் மன்றமும் தாமேயாகிய பொறுப்பை ஏற்றவராவர். கருவி அப்பொறுப்பை எளிதாக்குமேயன்றி, தான் ஏற்றுக்கொள்ளாது. கருவி போயின் வேறொன்று வாங்கலாம். சொற்கள் போயின் வாங்குமிடம் இல்லை. இவ்வொன்றை மனத்திற் கொண்டோர், மேலே கூறிய முறைகளையெல்லாம் பிறர் சொல்லாமலே கைக்கொள்வர் என்பது நம் துணிபு.