நீந்தலும் நெறிப்பட்ட பயிற்சியும்

பழக்கம் வேறு, பயிற்சி வேறு. இவ்வேறுபாட்டை யான் ஏட்டினாலன்றி நீரினாலேயே கற்றேன்.

கொல்லிமலையின் ஆலத்தூர் நாடு என் பிறப்பிடம். எம் மலையில் ஐயாறு உண்டு; அறப்பளீசுவரர் கோயிலுக்கு அண்மையில் அது ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழ்கின்றது. ஆயினும் பாறையிடைப் பாயும் அந்நீர் ஆடுதற்கேற்றதேயன்றி நீந்துதற்கேற்றதன்று. ஆதலின் கல்லூரிக்கு வந்த பின்னரே நீந்தத் தொடங்கினேன். ஓராண்டு நாள்தோறும் நீந்தி, வல்லவனாயினேன் என்றே கருதினேன். கோடை விடுமுறையிற் கிணற்றில் வீழ்ந்த சிறுவனொருவனை எடுக்கக் குதித்தபோது அவ்வெண்ணம் பொய்த்தது. மூச்சிழந்து தத்தளித்த என்னையும் அவனையும் ஊரார் கயிறு எறிந்து காத்தனர். முதலிற் கயிறோ கழியோ நீட்டுதலே அறிவுடைமை என்பதையும் அன்றே உணர்ந்தேன்.

ஓராண்டு உழைப்பு பயன்படாமைக்குக் காரணம் யாது? ஒரே பிழையை நாள்தோறும் உறுதிப்படுத்தினேன் என்பதே. ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளநூலறிஞர் இருவரோடு கூடிப் பெர்லின் நகரத்து வயலின் மாணவரை ஆராய்ந்து, 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திறமையை வளர்ப்பது, குறை கண்டு அதனைத் திருத்தும் நோக்குடன் செய்யும் பயிற்சியே என்பது அவர் துணிபு. டேனியல் சாம்ப்ளிஸ் என்பார் அமெரிக்க நீச்சல் வீரரை ஆராய்ந்து 1989-இல் எழுதியதும் ஈண்டு நோக்கத்தக்கது. மேனிலை எய்தியோர் மிகுதியாக நீந்தியதனால் மட்டும் உயர்ந்தாரல்லர். நீந்தும் முறையையே மாற்றி உயர்ந்தனர். பெருந்திறமை என்பது சிறுசிறு செயல்கள் பலவற்றின் தொகுதியே என்பர் அவர்.

இனி, நீரின் இயல்பை நோக்குவோம். நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு செறிவுடையது. விரைவு இருமடங்காயின் நீரின் தடை ஏறத்தாழ நான்மடங்காகும். ஆகவே வலிமையைப் பெருக்குதற்கு முன் தடையைக் குறைத்தல் வேண்டும். தலையை உயர்த்தின் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடல் நீரைத் தள்ளுமேயன்றிப் பிளவாது. இதுவே என் முதற்பிழை.

அதனைத் திருத்த யான் மேற்கொண்ட முறை இது: முதல் வாரம் பார்வையைக் குளத்தின் அடித்தளத்தில் நிறுத்தி, உடலை நீட்டி மிதந்தேன். அடுத்த வாரம், முகம் நீருள் இருக்கும்போதே மூச்சை வெளிவிட்டு, ஒரு செவி நீரிலிருக்கப் பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்கினேன். பின்னர், முழங்கையை உயர்த்தி முன்கையால் நீரைப் பின்னே தள்ளப் பயின்றேன். ஒரு நாளைக்கு ஒரு குறையே; கரையில் நின்ற நண்பர் பிழையை உடனே உரைப்பார். 25 மீட்டருக்குக் கைவீச்சு எத்தனை என எண்ணிக் குறித்தேன். முப்பதாயிருந்தது, மூன்று திங்களில், விரைவு குறையாமலே இருபத்திரண்டாயிற்று. களைப்பு மிக்கவுடன் நிறுத்தினேன். ஏனெனின் களைத்த உடல் பிழையையே பழகும்.

நம் நாட்டவர் இக்கலையில் எய்திய உயர்வு சிறிதன்று. குற்றாலீசுவரன் 1994-இல், தம் பன்னிரண்டாம் வயதிற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அவ்வாண்டிலேயே ஆறு நீர்வழிகளைக் கடந்து, 1966-இல் ஐந்தினைக் கடந்த மிகிர் சென்னை விஞ்சினார்.

எம் மலைக்குரிய வல்வில் ஓரி ஓரம்பினால் விலங்கு பலவற்றை வீழ்த்தினான் எனப் புறநானூறு கூறும். அவ்வோரம்பிற்கு முன்னர் எத்துணை அம்புகள் குறி தவறினவோ! தவறிய ஒவ்வொன்றையும் அவன் நோக்கியிருத்தல் வேண்டும். நண்பர்காள், நாமும் நம் தவறுகளை எண்ணாது விடாமல் எண்ணித் திருத்துவோமாக. வருங்கோடையில் எம்மூர்ச் சிறுவர்க்கு யான் கற்பிக்க விழைவதும் இதுவே.